புது டிசையர்: ஷோரூம் வெளிச்சத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால்

கோவை:
மாருதியோட டிசையர் செடான் காரை, ஊருக்கு ஒரு பகுதியா, வெளித்தோற்றத்துல இருந்து சன்ரூஃப் வரைக்கும் பார்ப்போம். 2024 நவம்பரில் வந்த இந்த வண்டிக்கு முகம் முழுக்கப் புதுசுங்க. அகலமான கிரில், படுக்கைக் கோடுகள், ஒல்லியான எல்இடி விளக்கு. அதே கம்பெனியோட ஸ்விஃப்ட் கார் சாயல் முன்பக்கத்துல துளியும் இல்லை. சோதிக்க வேண்டியது பின்பக்கம்தான். நீளம் 3995 மி.மீ. 4 மீட்டரைத் தாண்டினா ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 40க்குப் போயிரும், அதனால டிக்கியை நீட்ட வழியே இல்லை. ஆனா இந்தத் தடவை ஜன்னலுக்குக் கீழ ஓடற கோட்டை நேரா இழுத்து, டிக்கி மூடியோட விளிம்பை லேசாத் தூக்கி விட்டிருக்காங்க. பழைய வண்டியில டிக்கி தனியா ஒட்ட வச்ச மாதிரி தெரிஞ்சது, இதுல அது இல்லை. வண்டியை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, பின் சக்கரத்துக்குப் பத்தடி தள்ளிச் சாய்வா நின்னு பாருங்க, புரியும்.

பல்லடம்:
15 அங்குல இரட்டை நிற அலாய் வீல் அழகுதான். ஆனா பளபளன்னு தெரியற அந்த முகம் பெயிண்ட் இல்லைங்க. லேத்ல கடைஞ்ச அலுமினியம், மேல மெல்லிசா லேக்கர்ங்கற நிறமில்லாப் பூச்சு. நடைபாதைக் கல்லுல உரசினா அந்த வழியா தண்ணி இறங்கி, லேக்கருக்கு அடியில வெள்ளையாப் புழு ஊர்ந்த மாதிரி அரிக்கும். மேலாக பெயிண்ட் அடிச்சா நிக்காது, திரும்பக் கடையணும். ஆசிட் கலந்த வீல் கிளீனர் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு வேற. கழுவின கையோட மைக்ரோஃபைபர் துணியில துடைச்சிருங்க, குரோம் பட்டையையும் சேர்த்து. வெயில்ல தானாக் காய விட்டா உப்புக்கறை வட்ட வட்டமாப் படிஞ்சிரும்.

ஈரோடு:
உள்ளே கருப்பும் பீஜ்ங்கற வெளிர் மணல் நிறமும், நடுவுல மரம் மாதிரி ஒரு பட்டை. பீஜ் உள்ளறையை விசாலமாக் காட்டுது, அதுக்காகவே எடுக்கலாம். செம்மண், குழம்பு ரெண்டும்தான் எதிரி. குழம்பு கொட்டினா தேய்க்காதீங்க, டிஷ்யூவால ஒத்தி எடுங்க. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் பேபி ஷாம்பூ கலக்கி, நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ல தொட்டு எண்ணெயை எடுக்கணும். தண்ணியே ஊத்தினா ஸ்பஞ்ச் குடிச்சு நாத்தம் வரும். எண்ணெய் போன பிறகு நிக்கற மஞ்சள் நிறம் வெயில் பட்டாலே வெளுத்துரும்.

கறைக்குப் பயந்து கிடைச்ச சீட் கவரை மாட்டறதுதான் பெரிய தப்பு. ஆறு ஏர்பேக்ல பக்கவாட்டு ஏர்பேக், முன் சீட்டு முதுகோட கதவுப்பக்கத் தையல்ல இருந்து விரியும். அந்த இடம் திறந்திருக்கற கவரையோ, பிரியற தையலோட இருக்கற கவரையோ கேட்டு வாங்குங்க. டேஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷும் வேண்டாம். அவிநாசி ரோட்டு மத்தியான வெயில்ல கண்ணாடியில எதிரொளிச்சுக் கண்ணைக் கூசும்.

பொள்ளாச்சி:
கூரையில திறக்கற கண்ணாடி, அதான் சன்ரூஃப், உயர்ந்த வேரியண்ட்ல மட்டும்தான். ஆறடி ஆள் வீட்ல இருந்தா பின் சீட்ல நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் பாருங்க, தலை கிட்டத்தட்ட கூரையைத் தொடும். தேங்காய் நார்த்தூள் பறக்கற ஊர்ல சன்ரூஃப் மூலையில இருக்கற வடிகால் ஓட்டையும் அடைச்சுக்கும். மழைக்காலத்துக்கு முந்தி அந்த மூலையில அரை டம்ளர் தண்ணி ஊத்தி, வண்டிக்கு அடியில வடியுதான்னு பாருங்க. வடியலைன்னா மெல்லிய நைலான் நரம்பை மெதுவா விடுங்க. கம்ப்ரசர் காத்து அடிக்காதீங்க, உள்ளே டியூப் கழண்டுக்கிட்டா தண்ணி கூரைத் துணியில இறங்கும்.