ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி: ரிப்போர்ட் குழப்பிய கதைகள், காப்பாற்றிய கதைகள்

இரவுப்பணி:

ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் டெக்னீஷியன் நான். ரிப்போர்ட்டை வாங்குகிறவர்களுக்கு அதில் இருக்கும் எண் தெரியும், அந்த எண் எப்படி வந்தது என்பது தெரியாது. அதனால்தான் இந்தத் திரி. ரத்தப் பரிசோதனையோ பயாப்ஸியோ உங்கள் வீட்டில் ஒருவருடைய நோயைக் காட்டிக்கொடுத்திருந்தாலும் சரி, இல்லாத நோயைக் காட்டிப் பயமுறுத்தியிருந்தாலும் சரி, எழுதுங்கள். மருத்துவமனை, லேப் பெயர்கள் வேண்டாம்.

முதலில் என்னுடையது. ஒருவருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் 38,000 என்று மெஷின் காட்டியது. 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டியது. ஆளோ தானாக நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது, ஈறில் கசிவு கிடையாது. டியூப்பைச் சாய்த்துப் பார்த்தேன், ரத்தம் உறைந்திருக்கவில்லை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து (ஸ்மியர்) மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ரத்தம் மெலிந்து முடிகிற ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. அந்தத் திட்டுகளை மெஷின் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. சில சமயம் வெள்ளணு என்று நினைத்து அந்தக் கணக்கில் ஏற்றிவிடும்.

காரணம், ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி டியூப்பில் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் இருக்கும் ஓர் எதிர்ப்பொருள், இந்த வேதிப்பொருள் பக்கத்தில் இருந்தால் மட்டும் பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கும். உடம்புக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை. டியூப்பில் நேரம் ஆக ஆக எண்ணிக்கை இன்னும் இறங்கும். நீல மூடி சிட்ரேட் டியூப்பில் மறுபடி எடுத்து, அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்க வைப்பதற்காக 1.1 ஆல் பெருக்கிப் பார்த்ததில் 2 லட்சத்துக்கு மேல் வந்தது.

அந்த 38,000 அப்படியே வெளியே போயிருந்தால் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கும், தேவையே இல்லாமல் பிளேட்லெட் ஏற்றியிருப்பார்கள், எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்துச் சோதிப்பது வரைகூடப் பேச்சு போயிருக்கும்.

மூத்தமகள்:

அம்மாவுக்குச் சிறுநீரகம் பல வருடமாக மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது. வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த அன்று சாயங்காலமே லேபிலிருந்து போன். பொட்டாசியம் 6.9, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். 3.5-இலிருந்து 5 வரை இருக்க வேண்டியது. இந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் போட்டது போட்டபடி ஓடினோம்.

அங்கே இருந்த இளம் மருத்துவர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். மாற்றம் எதுவும் இல்லை. பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம்: "ரத்தம் எப்படி எடுத்தார்கள்?" அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வலுவாக இழுத்துத்தான் எடுத்தார்கள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே பட்டை கட்டாமல் வேறு கையில் மறுபடி எடுத்தார். 5.1. அம்மாவுக்கு அது வழக்கமான அளவுதான்.

தசை திரும்பத் திரும்ப இறுகினால் அதிலிருந்து பொட்டாசியம் வெளியே வருமாம். ரத்தத்தை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். அதற்குள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போலப் பல மடங்கு. அவர் இன்னொன்றும் சொன்னார்: ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்பதற்காக 6.9-ஐ ஒதுக்கிவிட முடியாது, சிறுநீரக நோயாளிக்கு அது நிஜமாகவும் இருக்கலாம், நீங்கள் ஓடி வந்தது சரிதான் என்று.

இரவுப்பணி:

அக்கா, அந்த மருத்துவருக்கு ஒரு கும்பிடு. இதே வகையில் இன்னொன்றும் உண்டு. ஒரு டியூப்பில் ரத்தம் போதவில்லை என்று ஊதா டியூப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் ஊற்றிவிடுவார்கள். ஊதாவில் இருப்பது பொட்டாசிய உப்பு, அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எங்கோ மேலே, கால்சியம் அதலபாதாளத்தில், ஆனால் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் எங்களுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் போகும். டியூப்புகளை ஒரு வரிசைப்படி நிரப்ப வேண்டும், ஊதாவைக் கடைசிப் பக்கம் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

முடிகொட்டி:

என் கதை சின்னது. தைராய்டு டெஸ்டில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் கீழே, தைராய்டு சுரக்கும் டி4 மேலே. தைராய்டை அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கான எதிர்ப்பொருள்கூட பாசிட்டிவ். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வரும் படபடப்பு, எடைக் குறைவு, கை நடுக்கம் எதுவும் எனக்கு இல்லை. மாத்திரை எழுதப் பேனாவை எடுத்த மருத்துவர் நிறுத்திவிட்டு, "முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றார். சாப்பிட்டேன், தினமும் 10 மி.கி. பயோட்டின் என்ற வைட்டமின். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானது ஏறக்குறைய 30 மைக்ரோகிராம்தான்.

பல லேப்களின் ஹார்மோன் பரிசோதனைக் கிட்டிலேயே பயோட்டின் ஒரு பாகம். ரத்தத்தில் அது அதிகமாக மிதந்தால் சில அளவுகள் பொய்யாக இறங்கும், சில பொய்யாக ஏறும். தைராய்டு விஷயத்தில் அந்தப் பொய்கள் எல்லாம் ஒன்றுகூடி ஒரே நோயைப் போல வேஷம் போடுகின்றன. மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினும் இதனால் பொய்யாகக் குறைந்து காட்டலாம் என்று படித்தபோதுதான் எனக்கு உண்மையில் வயிறு கலங்கியது.

பொறுமைசாலி:

என் தம்பிக்குக் கழுத்தில் கட்டி. இரவில் வியர்வை, லேசான காய்ச்சல், எடை இறங்கிக்கொண்டே போனது. காசநோயா, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றா என்ற கேள்வி. இரண்டுக்கும் அறிகுறி இதேதான். முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் எதுவும் உறுதியாகவில்லை. நிணநீர்க்கட்டி ஒன்றை முழுதாகவே வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை அப்படியே, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவ டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் புற்று இல்லை என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. கிரானுலோமா (எதிர்ப்பணுக்கள் திரண்ட முடிச்சு) இருக்கிறது, நடுவில் திசு செத்திருக்கிறது, காசநோயாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சாயமேற்றிப் பார்த்ததில் கிருமி தென்படவில்லை. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்யலாமே என்று கேட்டால் முடியாது என்றார்கள். ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தும்போதே அதில் இருக்கும் கிருமியைக் கொன்றுவிடும். செத்த கிருமி எப்படி வளரும்? மெழுகுக் கட்டியாக மாற்றிய திசுவிலிருந்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முயன்றார்கள், அதிலும் விடை வரவில்லை.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று தெரியாமல் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதா என்று அடுத்து பார்த்த மருத்துவர் யோசித்தார். பக்கத்தில் இன்னொரு கட்டி இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்த முறை பாதி ஃபார்மலினில், பாதி வெறும் சலைனில். இரண்டு டப்பாவிலும் எது எது என்று அவரே எழுதி ஒட்டினார். சலைனில் போனதில் காசநோய்க் கிருமி வளர்ந்தது, வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு. அது காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநையசிட் மருந்துக்கு அடங்காத வகை என்பதும் அதில்தான் தெரிந்தது. மருந்துத் திட்டத்தையே மாற்றினார்கள். இன்று தம்பி நன்றாக இருக்கிறான்.

கட்டியை வெட்டி எடுக்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: காசநோய்ச் சந்தேகம் இருந்தால், கல்ச்சருக்கும் தனியாக அனுப்புவீர்களா என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள். தியேட்டரில் டப்பாவை மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஸ்லைடு டாக்டர்:

நான் திசுநோயியல் மருத்துவர். பொறுமைசாலி சொன்னது எங்களுக்குப் புதிதல்ல, வருத்தமான விஷயம். "பயாப்ஸி ரிப்போர்ட் ஏன் இத்தனை நாள்?" என்று எல்லோரும் கேட்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வேகத்தில்தான் ஊறும். பெரிய உறுப்பை அப்படியே ஒரு சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் வெளிப்பக்கம் பதமாகி, உள்ளே அழுகியிருக்கும். மார்பகப் புற்று என்றால் ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் என்று வரையறையே உண்டு. புற்றுச் செல்லில் ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றனவா என்ற முடிவு அதைப் பொறுத்தது, எந்த மருந்து வேலை செய்யும் என்பது அந்த முடிவைப் பொறுத்தது. பிறகு திசுவில் உள்ள நீரை ஆல்கஹாலால் படிப்படியாக வெளியேற்றி, மெழுகு ஏற்றி, கட்டியாக வார்த்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். வெந்நீரில் மிதக்கும் அந்தச் சீவலைச் சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், அதற்கு மெஷின் உதவாது. சாயம் போட்டால் உட்கரு நீலம், மற்றது இளஞ்சிவப்பு. இதிலேயே பாதிப் பேருக்கு மேல் விடை சொல்லிவிடலாம். மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட புரதங்களைத் தேடிப் பிடிக்கும் இம்யூனோ சாயங்கள், அப்புறம் இன்னும் சில நாள். எலும்பு என்றால் முதலில் சுண்ணாம்பை நீக்க வேண்டும், அதற்குத் தனி நேரம்.

ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துச் சீவி சில நிமிடங்களில் சொல்வதும் உண்டு. அது விளிம்பில் புற்று மிச்சம் இருக்கிறதா என்பது போன்ற அவசரக் கேள்விக்கு மட்டும். படம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

ஊசி போட்டு உறிஞ்சியதில் ஏன் முடிவு வரவில்லை என்றும் கேட்கிறார்கள். தைராய்டில் ஃபாலிக்குலர் வகைக் கட்டி சாதாரணமானதா புற்றா என்பது செல்லைப் பார்த்தால் தெரியாது, அது தன்னைச் சுற்றியிருக்கும் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்துவிட்டதா என்று பார்த்தால்தான் தெரியும். உதிர்ந்த செங்கலைப் பார்த்துவிட்டுச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் பாதித் தைராய்டை எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். யாரும் தட்டிக்கழிக்கவில்லை.

என் மனக்குறை ஒன்றுதான். படிவத்தில் "கட்டி" என்று ஒரே சொல் எழுதி அனுப்புகிறார்கள். எத்தனை வயது, எத்தனை நாளாக, முன்பு புற்று இருந்ததா, கதிர்வீச்சு கொடுத்தார்களா, எதுவும் இருக்காது. முன்பே எடுத்த ஸ்லைடுகள் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஒரே செல் ஒருவருக்குச் சாதாரண மாற்றம், இன்னொருவருக்குத் திரும்பி வந்த புற்று.

கேள்விக்குறி:

முழு உடல் பரிசோதனை என்று ஒரு மூட்டை டெஸ்ட் எடுத்தேன், அதில் ஏ.என்.ஏ. (சொந்தச் செல்லின் உட்கருவையே தாக்கும் எதிர்ப்பொருள்) 1:80 பாசிட்டிவ், அதாவது ரத்தத்தை 80 மடங்கு நீர்க்க வைத்தும் தெரிந்தது. இணையத்தில் தேடி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று நானே முடிவு செய்து தூக்கம் போயிற்று. மூட்டுவலி இல்லை, தோல் தடிப்பு இல்லை. இதற்கான நிபுணரான ருமட்டாலஜிஸ்ட் ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நோயே இல்லாதவர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு இந்த அளவில் பாசிட்டிவ் வருமாம்.

இரவுப்பணி:

சகோ, "நார்மல்" எல்லை என்பதே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் விழும் இடைவெளிதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாதவருக்கே குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்டி வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. மூட்டை பெரிதானால் கவலையும் பெரிதாகும். இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்து சீட்:

எல்லோரும் பொய் பாசிட்டிவ் பற்றிச் சொல்கிறீர்கள், இது நேர்மாறு. அப்பாவுக்கு நெஞ்சு அழுத்தம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஈ.சி.ஜி. பரவாயில்லை, ட்ரோபோனின் நார்மல். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயார். மருத்துவர் விடவில்லை. இதயத் தசை சேதமானாலும் அது ரத்தத்தில் தெரிய நேரம் பிடிக்கும், இன்னொன்று எடுத்தே ஆக வேண்டும் என்றார். 3 மணி நேரம் கழித்து எடுத்ததில் பல மடங்கு ஏறியிருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட். ஒரு எண்ணைவிட இரண்டு எண்ணுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதுதான் அங்கே முக்கியம்.

டயாலிசிஸ் தோழன்:

சர்க்கரைக்கான எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் 5.8 என்று வந்ததைப் பார்த்து வீட்டில் பாராட்டினார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 220, 240. சிவப்பணு 120 நாள் போல வாழும் என்ற கணக்கில்தான் அந்த டெஸ்ட் மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அணுவின் ஆயுள் குறைவு, அதோடு புது அணு உண்டாக ஊசியும் போடுகிறார்கள். புது அணுவில் சர்க்கரை ஒட்ட நேரமே இல்லை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் நேர் எதிராக, பொய்யாக ஏறியும் காட்டும்.

வார்டு நர்ஸ்:

விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு ஒருவர் எங்கள் வார்டுக்கு வந்தார். ஏற்கெனவே வெளியே வேறு வேறு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தார், அதனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நிலைமை நிதானமாக இருந்ததால் மருந்தை நிறுத்திக் கண்காணித்து, நேரம் விட்டு மூன்று வேறு இடங்களில் குத்தி ரத்தம் எடுத்தோம், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. தோலில் இருக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தால் பெரும்பாலும் ஊசி வழியே ஒட்டிக்கொண்டு வந்ததுதான். இங்கே எல்லாப் பாட்டில்களிலும் ஒரே ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்த்தால் இதய வால்வில் கிருமித் திரள் ஒட்டியிருந்தது. நான்கு வாரம் நரம்பு வழியாக ஊசி. வால்வை மாற்ற வேண்டி வரவில்லை.

புதியவர்:

நாளைக் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தைராய்டும் சேர்த்து. தண்ணீர் குடிக்கலாமா? தைராய்டு மாத்திரை?

இரவுப்பணி:

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், நரம்பும் சீக்கிரம் கிடைக்கும். மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், முன்னால் போட்டால் டி4 கொஞ்ச நேரம் கூடுதலாகக் காட்டும். பயோட்டின் சாப்பிடுகிறீர்களா?