மைனஸ் 80-ல் வைத்த பிபிஎம்சி, உருக்கினால் பாதி செத்திருக்கிறது

கேள்வி:
நோயாளிகளின் ரத்தத்தை ஃபைகால் என்ற அடர் கரைசலில் சுற்றி பிபிஎம்சி (ரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளை அணுக்கள்) பிரித்து உறைய வைக்கிறேன். வைக்கும்போது டிரிபன் புளூ சாயத்தில் (செத்த செல் மட்டும் நீலமாகும்) 95 சதவீதம் உயிரோடு இருந்தவை, உருக்கி எண்ணினால் 55-ஐத் தாண்டவில்லை. போதாததற்கு, பிப்பெட்டில் உறிஞ்சினால் சளி மாதிரி நூல் நூலாக வருகிறது. உறைய வைக்கும் கலவை 90 சதவீதம் எஃப்பிஎஸ் (கன்றுக்கரு சீரம்), 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), ஒரு வயலுக்கு (சிறு குப்பி) ஒரு கோடி செல். மெதுவாகக் குளிர வைக்கும் ஐசோபுரொப்பனால் டப்பாவில் வைத்து மைனஸ் 80 பிரீசரில் போடுகிறேன். திரவ நைட்ரஜன் டேங்க் வேறு கட்டடத்தில் இருப்பதால் 2 மாதமாக எல்லாம் அங்கேயேதான் கிடக்கின்றன. திரும்ப ரத்தம் கேட்க முடியாத நோயாளிகள். எங்கே தப்பு?

பதில் 1:
அந்த 2 மாதம்தான். மைனஸ் 80 ஒரு ராத்திரி தங்கும் இடம், மிஞ்சினால் சில நாள். அந்தக் குளிரில் பனித்துகள்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே இருக்கும், மைனஸ் 135-க்குக் கீழே போனால்தான் எல்லாம் கண்ணாடி போல இறுகி நிற்கும். மீதி வயல்களை உடனே நைட்ரஜன் ஆவிக்கு மாற்றுங்கள், டிரை ஐஸில் புதைத்துக் கொண்டு போங்கள், கையில் வேண்டாம். அப்புறம், டப்பாவில் ஐசோபுரொப்பனாலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கேட்டவர்:
வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை.

பதில் 1:
5 தடவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் நிமிடத்துக்கு 1 டிகிரி குளிர வேண்டும் என்ற கணக்கு நிற்காது. வேகமாகக் குளிர்ந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே உறைந்துவிடும்.

பதில் 2:
உருக்குவதையும் பாருங்கள். 37 டிகிரி நீரில் ஆட்டிக்கொண்டே இருந்து, மிளகளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உருக்குவதில் அவசரம், மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) சேர்ப்பதில் நிதானம்: வெதுவெதுப்பான மீடியத்தை முதல் 1 மில்லி வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் டிஎம்எஸ்ஓ நிறைந்த செல் நீரை இழுத்து உப்பி வெடிக்கும். உங்கள் நூல், செத்த செல்லிலிருந்து கசிந்த டிஎன்ஏ. கழுவும் மீடியத்தில் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) சேர்த்தால் கரையும், ஆனால் அது செத்ததைப் பிழைக்க வைக்காது. எலிஸ்பாட் (செல்கள் சுரக்கும் புரதத்தைப் புள்ளிகளாக எண்ணும் சோதனை) செய்வதாக இருந்தால் ஒரு ராத்திரி இன்குபேட்டரில் விட்டு மறுபடி எண்ணுங்கள், உருக்கியவுடன் உயிரோடு தெரிகிற சில செல்கள் அதற்குள் செத்துப்போகும்.

கேட்டவர்:
நன்றி. 14 வயல் மிச்சம், நாளைக் காலையே டிரை ஐஸோடு போகிறேன். முதலில் என் சொந்த ரத்தத்தில் புது ஐசோபுரொப்பனால் வைத்து ஒருமுறை உறைய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நோயாளி மாதிரியைத் தொடுவேன்.