ஜோங்கா மட்கார்டை ஃபைபரில் வார்த்தெடுத்தல்: சில அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

ராணுவ ஏலத்தில் வெளிவந்த ஜோங்கா ஜீப்புக்கு இன்ஜின் சாமான்களைக்கூட எங்கேயாவது தேடிப் பிடித்துவிடலாம். நல்ல மட்கார்டு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. நிசான் பேட்ரோல் 60 வரிசையை ஒட்டி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவான இந்த வண்டியின் உற்பத்தி 1999-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இப்போது ஒரு வண்டிக்குத் தகரம் வேண்டுமென்றால் இன்னொரு வண்டியைப் பிரித்தால்தான் உண்டு. என் வண்டியின் இடது முன் மட்கார்டு, சக்கரம் வாரியடிக்கும் சேறு தேங்குகிற உள்மடிப்பில் தொடங்கி, திருப்புளியால் குத்தினால் மறுபுறம் எட்டிப்பார்க்கும் அளவுக்கு உளுத்திருந்தது. டிங்கர் பட்டறையில் கேட்டபோது, தட்டையான பகுதிகளுக்குப் புதுத் தகரம் வைத்துத் தரலாம், இரண்டு திசையிலும் வளையும் முன்பகுதியை அதே வடிவில் தட்டி எடுக்க இப்போது ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஃபைபரில், அதாவது ரெசினில் ஊறிய கண்ணாடி இழையில், வார்ப்பதென்று முடிவாயிற்று.

வலது மட்கார்டு பழுதில்லாமல் இருந்தாலும், இடம் வலம் மாறிய வடிவம் என்பதால் அதிலிருந்து அச்செடுக்க முடியாது. உளுத்த இடதையே மாதிரியாக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு சௌகரியம் என்னவென்றால், மாதிரிக்கு வடிவம் சரியாக இருந்தால் போதும், வலு தேவையில்லை. ஓட்டைகளைப் பின்புறமிருந்து மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (ஹார்ட்னர் சேர்த்தால் இறுகும் பிசின்) வைத்து அடைத்து, மேலே பள்ளம் நிரப்பும் பட்டி பூசிக்கொண்டேன். வடிவத்தைச் சரிபார்ப்பதற்கு, வலது மட்கார்டின் மேல் சாண் இடைவெளியில் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் வளைவுக்கும் ஓர் அட்டையை வெட்டி, அதைத் திருப்பிப் பிடித்து இடதில் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டைக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பட்டி குறைந்த இடத்தில் வெளிச்சம் கசியும். பட்டி மேடாக இருக்கும் இடத்தில் அட்டை நிலைகொள்ளாமல் ஆடும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இந்த அட்டையிலும் பட்டியிலும் உப்புத்தாளிலுமே கழிந்தது. அப்படிக் கழிவதுதான் நியாயம் என்பது என் எண்ணம், ஏனெனில் மாதிரியில் விட்டுவைத்த ஒரு கீறல் அச்சிலும், பின்னர் அந்த அச்சிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மட்கார்டிலும் வந்து நிற்கும்.

பட்டிக்கு மேல் அடிக்கும் பெயின்ட், ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே வகையாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால், அச்சின் முதல் பூச்சான ஜெல் கோட்டில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதைக் கரைத்துச் சுருக்கிவிடும். பெயின்ட் நன்றாகக் காய்ந்த பின் 1000 எண் தாள் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, அச்சு ஒட்டாமல் பிரிவதற்காகக் கார்னாபா வாக்ஸைப் பலமுறை பூசித் துடைத்து, அதற்கும் மேல் பி.வி.ஏ. திரவத்தை மெல்லிய படலமாக அடித்தேன்.

சக்கர வளைவின் விளிம்பு உள்நோக்கி மடங்குவதால், அச்சை ஒரே துண்டாக எடுத்தால் அச்சும் மட்கார்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிரியவே பிரியாது. எனவே வளைவின் ஓரமாக ஹார்ட்போர்டில் ஒரு தடுப்பு கட்டி, அதற்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடுக்கை மாடலிங் களிமண்ணால் அடைத்து, முதலில் வெளிப்பக்கத்தை மட்டும் வார்த்தேன். அது இறுகியதும் தடுப்பை எடுத்துவிட்டு, வார்த்த விளிம்பின் மேலும் வாக்ஸ் பூசி, உள்மடிப்புக்கான துண்டை அதனோடு ஒட்டியவாறு வார்த்தேன். இரண்டு துண்டுகளையும் பிரிப்பதற்கு முன்பே விளிம்பில் போல்ட் துளைகளைப் போட்டுவிட வேண்டும். பிரித்த பிறகு போட்டால் பழைய இடத்தில் சேராது.

அச்சின் கனம் அதில் வார்க்கப்போகும் பொருளின் கனத்தைப் போல இரு மடங்காவது இருப்பது நல்லது. கறுப்பு ஜெல் கோட், அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழை டிஷ்யூ, பிறகு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒன்று என்று வைத்து, அது இறுகும் வரை காத்திருந்து, அதன்பின் 450 கிராம் மேட்களை மூன்று மூன்றாக ஏற்றினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றினால் ரெசின் இறுகும்போது எழும் சூட்டில் அச்சு கோணிக்கொள்ளும். சதுரக் குழாய்ச் சட்டத்தையும் அச்சு முழுதாக இறுகிய பின்னரே முதுகில் ஒட்ட வேண்டும். முன்னதாக ஒட்டினால் குழாயின் தடம் முகப்பில் தெரியும்.

மட்கார்டு வார்ப்பு இதற்குப் பிறகு எளிது. அரை மில்லிமீட்டர் ஜெல் கோட், டிஷ்யூ, 450 கிராம் மேட் மூன்று அடுக்கு. மேட் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் சதுர மீட்டருக்கு நாலரைக் கிலோ அளவில் இருக்கும், 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகரம் ஒன்பது கிலோவைத் தாண்டும். மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது குளிர். வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் பாலியெஸ்டர் ரெசின் ஒழுங்காக இறுகாது, ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினாலும் அந்தக் குறை தீராது. அதனால் அச்சைக் கீழே மேட்டுப்பாளையத்திற்குக் கொண்டுபோய், அங்கேதான் மட்கார்டை வார்த்தேன்.

கரூரிலிருந்து:

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபைபர் வேலை பார்ப்பவன். கோத்தகிரி நண்பர் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறார்; எங்களுக்குச் சித்திரை வெயில்தான் தொல்லை. ஹார்ட்னரை ரெசின் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். வெயில் காலத்தில் ஒன்றை ஒட்டியே நிற்க வேண்டும், பெரிய துண்டுகளைக் காலை எட்டு மணிக்குள் வார்த்து முடித்துவிட வேண்டும். ஜெல் கோட்டை மெல்லியதாக அடித்தாலோ, அது இறுகுவதற்கு முன் அவசரப்பட்டு மேட் வைத்தாலோ, மேலே வரும் ரெசின் அதை ஊடுருவிச் சுருக்கம் விழச் செய்யும். ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்து, பிசுபிசுப்பு தெரிந்தும் விரலில் ஒட்டாமல் வந்தால் மேட் வைக்கலாம்.

எங்களிடம் ஃபைபர் பாகம் கேட்டு வரும் பழைய ஜீப்காரர்கள் வடிவத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இரும்பின் வடிவத்தை அச்சு கொடுத்துவிடும். இரும்பு அந்த இடத்தில் பார்த்துவந்த வேலைகளுக்குத் தனித்தனியாக வழி செய்ய வேண்டும். போல்ட் போகும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் துளை போட்டு இறுக்குவதுபோல் மூன்று மில்லிமீட்டர் ஃபைபரில் இறுக்கினால், குண்டும் குழியுமான சாலையில் சில மாதங்களிலேயே துளையிலிருந்து விரிசல் கிளம்பும். அந்த இடங்களில் இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் எம்.எஸ். (இரும்பு) பிளேட்டைப் புதைத்து, அதன் விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்துவிட்டு, மேலே கூடுதலாக மேட் வைக்க வேண்டும். பிளேட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கித் தின்னரால் துடைக்காவிட்டால் ரெசின் பிடிக்காது. துளையை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகலமான வாஷரும் ரப்பரும் கொடுத்தால் சேஸிஸ் முறுகும்போது மட்கார்டு அதனோடு கொஞ்சம் நகர்ந்துகொடுக்கும்.

இன்னொன்று மின்சாரம். பழைய வண்டிகளில் இண்டிகேட்டரும் பார்க் லைட்டும் பெரும்பாலும் பாடித் தகரத்தின் வழியாகவே எர்த் ஆகின்றன. ஃபைபரில் மின்சாரம் பாயாது. புது மட்கார்டை மாட்டியதும் விளக்கு எரியவில்லையென்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அவர் ஃபியூஸையும் பல்பையும் ஸ்விட்ச்சையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு கறுப்பு ஒயரைச் சேஸிஸுக்கு இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் முடுக்கினால் வேலை முடிந்தது. ஹார்னை மட்கார்டில் மாட்டியிருந்தால் அதற்கும் இதே கதைதான்.

நாகப்பட்டினத்திலிருந்து:

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. படகு வேலை பழகிய கைகளுக்கு மட்கார்டு பெரிய விஷயமல்ல என்றாலும், மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவைக் குவளையைப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மேட் ஈரத்தை இழுக்கும் பொருள். ஐப்பசி கார்த்திகையில் திறந்து கிடந்த மேட்டை வைத்தால் ரெசின் கண்ணாடிபோல் தெளியாமல் பால் நிறத்தில் நிற்கும். அப்படி நின்ற இடத்தில் பிடிப்பு இருக்காது. ரெசினைப் பிரஷ்ஷால் இழுத்துத் தடவாமல் குத்திக் குத்தி வைத்தால், சற்று நேரத்தில் மேட் இளகிப் படியும். அப்போது பல் வெட்டிய அலுமினிய ரோலரை உருட்டிக் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். படகுக்குப் போடும், தடித்த கண்ணாடி இழையால் நெய்த ரோவிங் துணியை மட்கார்டின் முகப்புக்கு அருகில் வைத்தால் அதன் நெசவு வெளியே தெரியும், உட்பக்கத்தில் வேண்டுமானால் ஓர் அடுக்கு வைக்கலாம். எப்போதும் சேறும் ஈரமும் படுகிற பாகம் என்பதால், சாதாரண ரெசினுக்குப் பதில் ஈரத்தை நன்றாகத் தாங்கும் ஐசோ ரெசின் வாங்குவது காசுக்குத் தகும். கிரைண்டர் பிடிக்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

கோயம்புத்தூரிலிருந்து:

என்னுடையது மாருதி ஜிப்சி. கடையில் ஆயத்தமாக விற்ற ஃபைபர் பானெட் ஒன்றை வாங்கி மாட்டினேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது; எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் நடுப்பகுதி மேலும் கீழுமாக மூச்சுவிடத் தொடங்கியது. கழற்றிப் புரட்டிப் பார்த்தால், இரண்டு அடுக்கு மேட்டைத் தவிர அடியில் ஒன்றுமே இல்லை. தகர பானெட்டின் அடியில் இருக்கும் எலும்புச் சட்டத்துக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்ற பதில் மட்டும் கிடைத்தது. நெடுக்காகப் பிளந்த பி.வி.சி. குழாய்களை அடிப்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அவற்றின் மேல் மேட் போட்டு மூடிய பிறகு ஆட்டம் நின்றது. குழாய் வெறும் அச்சுதான். விறைப்பைத் தருவது அதன்மேல் வளைந்து நிற்கும் ஃபைபர். பூட்டு வரும் இடத்தில் கரூர்க்காரர் சொன்னபடியே பிளேட் புதைத்து, முன்னால் இரண்டு பக்கமும் பானெட் பின்களும் மாட்டியிருக்கிறேன். பூட்டு ஒன்றை மட்டும் நம்பி ஃபைபர் பானெட்டோடு நெடுஞ்சாலையில் போக எனக்குத் துணிவில்லை.

பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். வார்த்த பாகத்தைச் சில வாரம் வெயிலில் போட்டு, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடிந்த பின், மேலே ஒட்டியிருக்கும் வாக்ஸையும் பி.வி.ஏ.யையும் கழுவித் தேய்த்துவிட்டு பிரைமர் அடியுங்கள். கரும்பச்சை, கறுப்பு போன்ற நிறங்கள் வெயிலில் சூடேறுவதால் மேட்டின் தடம் அவற்றில் சீக்கிரம் தெரியும்.

பெரிய டயருக்காக மட்கார்டை அகலப்படுத்தி வார்க்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வார்ப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பழைய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் சுற்றிவந்து பார்ப்பார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, மூல அளவிலேயே வார்ப்பது புத்திசாலித்தனம்.

மீண்டும் கோத்தகிரியிலிருந்து:

எர்த் ஒயர் பற்றிய குறிப்புக்கு நன்றி, இண்டிகேட்டர்களுக்கு இழுத்துவிட்டேன். இடது மட்கார்டின் அச்சு மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. ஜோங்கா வைத்திருப்பவர்கள் எடுத்துச் சென்று பயன்படுத்திக்கொள்ளலாம். வார்த்ததைப் பிரிக்கும்போது மர ஆப்பைச் செருகி, இடுக்கில் தண்ணீர் ஊற்றினால் பி.வி.ஏ. கரைந்து தானே விட்டுக்கொடுக்கும். திருப்புளியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வலது பக்கத்துக்கும் அடுத்து அச்செடுக்கப் போகிறேன். பானெட்டுக்கு அச்செடுக்க, நசுங்காத ஒன்றை யாராவது இரவல் தந்தால், முதல் வார்ப்பு அவர்களுக்கே.