அஞ்சியோகிராமுக்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி இருக்க வேண்டும்?

பாலைமர நிழல் (புதுக்குடியிருப்பு):
அம்மாவுக்கு வயது 63, சலரோகம் உண்டு. அடுத்த மாதம் அஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதயக் குருதிக்குழாய்களைப் பார்க்கும் பரிசோதனை) செய்யத் திகதி தந்திருக்கிறார்கள். முதல்நாள் நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று துண்டில் எழுதியுள்ளது. சென்ற முறை அவ்வாறே வெறும்வயிற்றோடு விடியற்காலைப் பேருந்தில் அழைத்துச் சென்றோம். பிற்பகல் இரண்டு மணியாகியும் முறை வராமல், சீனி இறங்கி வியர்த்துச் சரிந்துவிட்டார், பரிசோதனையும் பிற்போடப்பட்டது. விழித்திருக்கும்போதே செய்கிற பரிசோதனைக்கு இவ்வளவு பட்டினி தேவைதானா?

ஓய்வுபெற்ற தாதி (கிளிநொச்சி):
பிள்ளை, அந்த விதி மயக்கமருந்து கொடுக்கும் சத்திரசிகிச்சைக்கு உரியது. உணர்விழந்து கிடப்பவரின் இரைப்பையில் உள்ளவை மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்ற அச்சமே அதன் வேர். 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மகப்பேற்று மருத்துவர், பிரசவத்தில் மயக்கமருந்து பெற்ற தாய்மாரிடம் கண்டதை எழுதிய பின்னரே அது எங்கும் இறுகியது. ஆனால் மயக்கமருந்து நிபுணர்களின் வழிகாட்டல்களே இன்று திண்ம உணவுக்கு 6 மணித்தியாலமும், தெளிந்த பானத்துக்கு 2 மணித்தியாலமும்தான் கேட்கின்றன. வெறுந்தேநீர் தெளிந்த பானம். பால்தேநீரும் கஞ்சியும் அதில் சேரா. பட்டியலை முன்பின் மாற்ற வசதி என்பதற்காகவே பல இடங்களில் எல்லோருக்கும் 'நள்ளிரவு' என்று எழுதிவிடுகிறோம் (நானும் எழுதியவள்தான்). தொலைவிலிருந்து வருபவர்களே அதில் வாடுகிறார்கள்.

குளக்கட்டு (வவுனியா):
2024இல் வெளியான ஸ்கொஃப் என்ற அவுஸ்திரேலிய ஆய்வில், அஞ்சியோகிராம் போன்ற, குருதிக்குழாய் வழியே செய்யும் இதயப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வந்த 716 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வழமைபோல் பட்டினி இருத்தி, மற்றவர்களை உண்ணவும் குடிக்கவும் விட்டார்கள். நுரையீரல் அழற்சி, இரத்த அழுத்தம் இறங்குதல், சீனி ஏறுதல் அல்லது இறங்குதல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பட்டினி இருந்தோரில் 19.1 வீதமும் உண்டோரில் 12.0 வீதமுமாக இருந்தது. ஆயினும் இதைக் காட்டி நாமாக முடிவெடுக்க முடியாது. தொண்டையை மரக்கவைத்துக் குழாய் இறக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சைக்கும் பட்டினி அவசியம்.

ஓய்வுபெற்ற தாதி:
இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உண்ணாத காலையில் வழமையான இன்சுலினையோ சீனிக் குளிசையையோ போட்டால் சீனி விழக்கூடும். சென்ற முறை நடந்தது அதுவாகவும் இருக்கலாம். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் ஆகியவற்றை அவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். குருதிக்குழாயில் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்; சிறுநீரக நோய் மலிந்த நம் பகுதியில் கிரியாற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அறிக்கை கையில் இருப்பது நல்லது.

பாலைமர நிழல்:
நன்றி அம்மா. சென்ற முறை காலை ஊசியைப் போட்டுத்தான் புறப்பட்டோம். அது தவறாக இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குக் கொப்பியோடு போய், சலரோகக்காரர் என்பதால் முதல் முறையில் எடுக்க முடியுமா, எத்தனை மணி வரை வெறுந்தேநீர் கொடுக்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கப்போகிறேன்.