பினாங்கு அத்தையோடு பாரிமுனையில் ஒரு நாள்

சென்னையைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பாரிமுனைக்குப் போங்கள் என்பேன். மெரினா எங்கும் போய்விடாது. பினாங்கில் வாழும் என் அத்தை வந்திருந்தபோது அவரை அங்கேதான் அழைத்துப் போனேன்.

பாரிமுனை இருக்கும் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர். பினாங்கில் அத்தையின் ஊரும் ஜார்ஜ் டவுன்தான். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. அங்கே ஒரே தெருவில் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணை அம்மன் கோயில், ஆங்கிலேயர் கட்டிய தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. "இப்படி ஒரு தெரு சென்னையில் உண்டா, சொல்லு" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கிளம்பினோம்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இறங்கி, ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்ததும் அத்தையின் முகம் மலர்ந்தது. பினாங்கிலும் ஓர் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. பினாங்கின் புகழ்பெற்ற பழைய ஓட்டலைத் தொடங்கியவர்களும் ஆர்மீனியச் சகோதரர்கள். சென்னைத் தெருவில் இருக்கும் ஆர்மீனியத் தேவாலயத்தின் கனமான மரக்கதவைத் தாண்டி உள்ளே போனால் தெருவின் இரைச்சல் சட்டென்று அறுந்துவிடுகிறது. 1712-இல் எழுந்து, 1772-இல் மீண்டும் கட்டப்பட்ட தேவாலயம் இது. வழிபட ஆர்மீனியர்கள் இன்று இங்கே இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தரையில் ஒரு சருகு கிடக்கவில்லை.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "கல்லறை மேல் மிதித்தால் தப்பில்லைம்மா, நடக்கிற இடத்தில்தான் பதித்திருக்கிறார்கள்" என்றார். ஒரு கல்லறைக்கு முன்னால் நின்று, "இவர்தான் பத்திரிகைக்காரப் பாதிரியார்" என்று காட்டினார். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தரார் 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய ஷ்மாவோனியன் அங்கே உறங்குகிறார். தனியாக நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள். அவற்றில் ஒன்றில் தமிழ் எழுத்துகள் பொறித்திருப்பதையும் பெரியவர்தான் சொன்னார். அவர் ஆர்மீனியரும் இல்லை, வரலாறு படித்தவரும் இல்லை. தன் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். நாங்கள் நீட்டிய பணத்தை வாங்க வெகுநேரம் மறுத்தார்.

அடுத்து அதே தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயம், கச்சாலீசுவரர் கோயில். பக்கத்துத் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். 1677 அக்டோபர் 3 அன்று சிவாஜி மன்னர் வந்து வழிபட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தை குங்குமம் வாங்கிக்கொண்டார். மண்ணடியைத் தாண்டும்போது மசூதியிலிருந்து பாங்கு கேட்டது.

சௌகார்பேட்டையில் நெரிசல் தாங்க முடியாதுதான். ஆனாலும் ஒதுக்கிவிடாதீர்கள். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சேலைக்கு லேஸ் வாங்க ஒரு கடையில் ஏறினோம். முதலாளி தன் மகனிடம் மார்வாரியில் பேசினார், எங்களிடம் தெலுங்கு வாடை கலந்த வடசென்னைத் தமிழில் பேசினார். எந்த ஊர் என்று அத்தை கேட்டார். "ராயபுரத்தில் பிறந்தவன் அம்மா. ராஜஸ்தானில் குலதெய்வம் இருக்கிறது, கல்யாணத்துக்குப் போவோம்" என்றார். அத்தை சிரித்துவிட்டு, "எங்களுக்கும் அப்படித்தான், குலதெய்வம் சிவகங்கைப் பக்கம்" என்றார். அதன் பிறகு லேஸ் விலை தானாகவே குறைந்தது.

மாலையில் பர்மா பஜாரை ஒட்டிய அத்தோ கடைகளுக்கு வந்தோம். அத்தோ என்பது பர்மிய நூடுல்ஸ் கலவை. கெட்டியான நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்ற மொறுமொறு வறுவல். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுத்தார் கடைக்கார அக்கா. கூடவே வாழைத்தண்டு சூப். அத்தை மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இது எங்கள் லக்சாவுக்கு உடன்பிறப்பு" என்று இன்னொரு கிண்ணம் கேட்டார்.

கூட்டம் சற்றுக் குறைந்தபோது அந்த அக்கா பேசினார். அவருடைய அம்மா ரங்கூனில் வளர்ந்தவர். 1964-இல் பர்மா அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது; அதே ஆண்டில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. உழைத்துச் சேர்த்தவர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காகத்தான் 1969-இல் பர்மா பஜார் அமைந்தது. "அம்மா நகையைக் கொண்டுவர முடியவில்லை, கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்" என்றார் அந்த அக்கா. அத்தை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அத்தை ஒன்று சொன்னார். பினாங்கில் பழைய கட்டடங்களின் வாசலில் அவற்றின் கதையைச் சொல்லும் பலகைகள் இருக்கும். இங்கே பாதி இடங்களில் ஒன்றுமே இல்லை. அது உண்மை, எனக்கு வருத்தமும்கூட. தமிழில் நல்ல பலகைகள் வைக்க வேண்டும். அதுவரை, போகிறவர்கள் தயங்காமல் ஆட்களிடம் பேச்சுக் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் கேட்டுக் கிடைத்தவைதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆர்மீனியத் தேவாலயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், பிற்பகலில் பூட்டிவிடுவார்கள். ஞாயிறன்று தெருக்கள் காலியாக இருக்கும், மணியோசையும் கேட்கலாம். ஆனால் கடைகள் பல மூடியிருக்கும். ராயபுரத்தில் 1910-இல் கட்டிய பார்சி அக்கினிக் கோயிலை நம்மைப் போன்றவர்கள் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். அத்தோ கடைகள் பிற்பகலுக்கு மேல்தான் களைகட்டும். பிசைவதற்கு முன்பே காரம் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.