தொத்துநோய் காலத்துல லேபர் வார்டுக்குள்ள துணைக்கு ஒரு ஆளை விடலாமா?

கடைசிபெஞ்ச்:
கொரோனா சமயத்துல நிறைய ஆஸ்பத்திரில பிரசவ அறைக்குள்ள புருஷன், அம்மா யாரையும் விடல. அது சரின்னுதான் சொல்வேன். உள்ள வர்ற ஆளு எங்கெல்லாம் சுத்திட்டு வந்தாரோ யாருக்குத் தெரியும், டாக்டரும் நர்சும் படுத்துட்டா அடுத்த பிரசவத்த யாரு பார்ப்பா? கொஞ்ச நேரம் தனியா இருந்தா என்ன ஆயிடும்.

ரெட்டைவால்:
கொஞ்ச நேரமா? எனக்கு 2020ல தலைப்பிரசவம், பதினாலு மணி நேரம் வலி. சுத்தி எல்லாரும் உடம்பு முழுக்க மூடுற பிபிஇ கிட்ல, கண்ணு மட்டும்தான், அதுவும் ஷீல்டுல ஆவி படிஞ்சு பாதி தெரியாது. யாரு டாக்டர் யாரு ஆயான்னே புரியல. மாஸ்க்கோட தண்ணி கேட்டேன், யாருக்கும் காதுல விழல, மூணாவது தடவ கேட்டதுக்கு "கத்தாதம்மா"ன்னாங்க. ஒரே ஒரு சிஸ்டர் மட்டும் கவுன்ல நெஞ்சுகிட்ட மார்க்கரால பேர் எழுதியிருந்தாங்க. அந்தப் பேரச் சொல்லிச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

நைட்டூட்டி:
நான் லேபர் வார்டு நர்ஸ். எங்க வார்டுல ஆறு கட்டில், நடுவுல ஸ்கிரீன் கூட கிடையாது. ஆளுக்கு ஒரு துணைன்னா அந்த எடத்துல இன்னும் ஆறு பேர். கிட் போட்டா ஷிஃப்ட் முடியுற வரைக்கும் தண்ணியும் இல்ல பாத்ரூமும் இல்ல, இதுல வீட்டுக்குப் போனா பெத்த புள்ளைய தொடப் பயம். மரியாதையா நடத்தலன்னு ஈசியா எழுதிடுறீங்க.

புத்தகப்புழு:
சிஸ்டர், உங்க கஷ்டம் நிஜம், ஆனா அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா. உலக சுகாதார நிறுவனம் 2020லயே தெளிவா சொல்லிடுச்சு, கொரோனா இருந்தாலும் அவ விரும்புற துணை, வலிக்கு மருந்து, என்ன பண்றோம்னு சொல்லிட்டு பண்றது எல்லாம் உண்டு, கொரோனாங்கிற ஒரே காரணத்துக்கு சிசேரியன் கூடாது, மாஸ்க் போட்டு கை கழுவிட்டு பால் குடுக்கலாம்னு. நியூயார்க்ல 2020 மார்ச்ல சில பெரிய ஆஸ்பத்திரிங்க துணையே கூடாதுன்னாங்க, அதே மாசக் கடைசில மாநில அரசு தலையிட்டு ஒருத்தர விடுங்கன்னுடுச்சு. இது பாசம் சம்பந்தப்பட்டது மட்டுமில்ல. 26 ஆய்வு, 15,000 பொண்ணுங்களுக்கு மேல, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தப்ப கூடவே ஆள் இருந்தா சிசேரியன் குறையுது, வலி நேரமும் குறையுது.

கடைசிபெஞ்ச்:
அதெல்லாம் கொரோனாவுக்கு முன்னாடி பண்ண ஆய்வு ப்ரோ. 2020 ஏப்ரல்ல அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமே தொற்று இருக்கிற தாய்கிட்ட இருந்து குழந்தைய பிரிச்சு வைங்கன்னுதானே சொல்லிச்சு? அன்னிக்கு அவ்ளோதான் தெரியும், பயந்தாங்க.

புத்தகப்புழு:
ஜூலைலயே மாத்திக்கிட்டாங்களே, அத ஏன் விட்டுட்டீங்க? அதுக்கப்புறமும் பழைய ரூலையே பிடிச்சுக்கிட்டு தொங்கினவங்களத்தான் கேக்குறேன். நேபாளத்துல 9 ஆஸ்பத்திரில கணக்கெடுத்தாங்க, லாக்டவுன்ல ஆஸ்பத்திரிக்கு வந்து பெத்துக்கிறது பாதியா குறைஞ்சு போச்சு, வயித்துலயே குழந்தை இறக்குறது கூடிப் போச்சு. வண்டி கிடைக்காததும் காரணம்தான், ஆனா உள்ள போனா தனியா விட்டுடுவாங்கன்னு ஒரு பயம் இருந்தா அடுத்தவ கடைசி நிமிஷம் வரைக்கும் வீட்லயேதான் இருப்பா.

நைட்டூட்டி:
ரெட்டைவால், நீங்க சொன்ன பேர் விஷயம். நாங்களும் எழுதினோம். உண்மையச் சொல்றேன், பேஷண்டுக்காக எழுதல, எங்களுக்கே யாரு யாருன்னு அடையாளம் தெரியாமதான் எழுதினோம்.

ரெட்டைவால்:
யாருக்காக எழுதினா என்ன சிஸ்டர், எனக்கு உதவிச்சு. ஆனா "கத்தாதம்மா"ங்கிறதுக்கும் கிட்டுக்கும் சம்பந்தமே இல்ல, அது கொரோனாவுக்கு முன்னாடியும் இருந்துச்சு.

நைட்டூட்டி:
அது இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

கடைசிபெஞ்ச்:
சரி, ஒரே ஆள், டெஸ்ட் எடுத்து, மாஸ்க் போட்டு, உள்ள வந்தா பிரசவம் முடியுற வரைக்கும் வெளிய போகக் கூடாது. இதுக்கு ஓகேன்னா நானும் ஓகே.

நைட்டூட்டி:
உங்க ஓகே இருக்கட்டும். ஆறு கட்டிலுக்கு ஸ்கிரீன் யாரு வாங்கித் தருவா? அடுத்த கட்டில்ல துணியில்லாம கெடக்குற பொண்ண உங்க ஆளு பார்த்துட்டு உக்காந்திருந்தா அதுக்குப் பேர் என்ன மரியாதை?