தண்ணீர் வற்றட்டும், உள்ளான் வரும்: திருகோணமலைக் களப்போர அனுபவங்கள்

கரைச்சிக்காரன்:

ஒவ்வொரு டிசம்பரிலும் இதே கேள்விதான். "லீவுக்குத் திருகோணமலை வருகிறோம், வெளிநாட்டுப் பறவை எங்கே பார்க்கலாம்?" தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். நான் பட்டதை இங்கே ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறேன், நீங்களும் உங்களுடையதைச் சேருங்கள்.

முதலில் நான் பட்ட அவமானம். சில வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து என் மச்சான் குடும்பத்தோடு வந்தான், கழுத்தில் புதுக் கமரா, கடன்பட்டு வாங்கிய பெரிய லென்ஸ். "எங்கட ஊரில குருவி குவிஞ்சு கிடக்கும், நீ வா" என்று போனில் அளந்தது நான்தான். நத்தார் கழிந்து இரண்டாம் நாள் விடியப்புறம் நிலாவெளிப் பக்கம் பெரியகரைச்சிக் களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாடைக்காற்று, தூறல், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நட்டிருந்த கம்புகளில் மூன்று நீர்க்காகம் சிறகு விரித்துக்கொண்டு நின்றன, றோட்டோரம் ஒரு கொக்கு நனைந்த துணி மாதிரி ஒடுங்கிப் போய் நின்றது. அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு மச்சானின் பெண்சாதி சொன்னா, "அண்ணா, கொக்கு வெள்ளவத்தைக் கானிலயும் நிக்குதுதானே." நான் என்னத்தைச் சொல்ல.

அந்த இடத்தில் வீச்சுவலையோடு ஒரு பெரியவர் கரையேறினார், சாரம் இடுப்பளவு நனைந்திருந்தது. குருவியெல்லாம் எங்கே ஐயா என்று கேட்டேன். என்னை ஒருமாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, எனக்கே இடுப்பளவு தண்ணி. உள்ளானுக்குக் கால் எவ்வளவு?"

உள்ளான் என்றால் சேற்றில் நடந்து கொத்தித் தின்கிற கரைப்பறவை. அந்த ஒரு கேள்வியில் எனக்கு முழு விஷயமும் விளங்கிவிட்டது. ஐரோப்பாக்காரர் எழுதுவதைப் படித்துவிட்டு நானும் வற்று, பெருக்கு நேரம் பார்த்துக்கொண்டு திரிந்தவன். எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட வராது. இங்கே சேற்றைத் திறப்பதும் மூடுவதும் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழ விழக் களப்பு நிரம்பும். கொசு உள்ளான் மாதிரிச் சின்னதுகளுக்கு இரண்டு, மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் இருந்தால் நின்று கொத்த முடியாது. பவளக்காலி கொஞ்சம் ஆழத்தில் நிற்கும், நெடுங்கால் உள்ளான் இன்னும் ஆழத்தில். சேறு முழுதும் தாழ்ந்துவிட்டால் எல்லாம் வேறிடம் பார்த்துப் போய்விடும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்து இறங்கத் தொடங்குகிற வெளிநாட்டுப் பறவைகளும் டிசம்பரில் நாட்டை விட்டுப் போகவில்லை, உங்கள் கண்ணில்தான் இல்லை.

தைப்பொங்கல் கழிய மழை ஓயும். களப்பு கடலோடு சேருகிற ஆற்றுவாயின் மணல் உடைந்தோ, மீன்பிடிக்கிற ஆட்கள் வெட்டியோ கடலுக்குத் திறந்தால் தண்ணீர் இறங்கி, ஒன்றிரண்டு நாளிலேயே சேறு வெளியே வரும். அதுதான் நேரம். நாட்காட்டியை விட்டுவிட்டு ஆற்றுவாய் திறந்ததா என்று இங்கே இருக்கிற யாரையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்த வருடம் பெப்ரவரி மூன்றாம் கிழமை அதே இடத்துக்குத் தனியாகப் போனேன். மச்சானைக் கூப்பிட வெட்கம். மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. டிசம்பரில் தண்ணீர் நின்ற இடம் இப்போது ஈரம் மினுங்குகிற சாம்பல் நிறச் சேறு, அந்தச் சேறு முழுவதும் ஓடுகிறது. அப்படித்தான் இருந்தது, நிலமே ஓடுகிற மாதிரி. உப்புக்கொத்திகள் நாலடி ஓடும், நிற்கும், ஒரு கொத்து, திரும்ப ஓடும். கொசு உள்ளான் நிற்பதே கிடையாது, தையல் மெசின் ஊசி மாதிரி ஒரே குத்துத்தான். முப்பது கிராம்கூட வராத உடம்பு, சைபீரியாவின் வட கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு லேன்ட்மாஸ்டர் மணல் ஏற்றிக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்கு நான் மறக்காதது கோட்டான். (எங்களுக்குக் கோட்டான் என்றால் இரவில் கத்துகிற ஆந்தை, பறவைப் பட்டியல்களில் இந்த வளைந்த மூக்குக்காரனுக்கும் அதே பேர்தான் கொடுத்திருக்கிறார்கள், பேர் வைத்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.) முக்கால் சாண் நீளத்தில் கீழே வளைந்த மூக்கு. அதை நண்டு வளைக்குள் கிட்டத்தட்டக் கண் வரைக்கும் விட்டது, தலையை ஒருபக்கம் சரித்துக் கொஞ்சம் திருகியது, வெளியே எடுத்தபோது நுனியில் ஒரு நண்டு ஒற்றைக் காலில் தொங்குகிறது. விழுங்கும் என்று பார்த்தேன். இல்லை. நண்டை உதறியது, ஒரு கால் தெறித்தது. திரும்ப எடுத்து உதறியது, மற்றக் கால். பெரிய கடிகாலும் போய், ஓடு மட்டும் உருண்டையாக மிஞ்சின பிறகு மூக்கை மேலே தூக்கி ஒரு ஆட்டு ஆட்டியது, நண்டு அந்த நீள மூக்கு வழியாக மெல்ல மெல்ல இறங்கித் தொண்டைக்குள் போனது. எங்கள் அம்மா நண்டு துப்பரவாக்குவதும் இப்படித்தான், கால் முதலில். என் கமராவில் இருந்த முப்பது படத்திலும் கோட்டானின் முதுகு மட்டும்தான் விழுந்திருந்தது.

சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கரையோர றோட்டில் நின்று மேற்கே பார்த்தால் காலையில் சூரியன் முதுகில் விழும், நிறம் தெரியும். பின்னேரம் போனால் எல்லாம் கறுப்பு உருவம்தான், கால் சிவப்பா பச்சையா என்று சண்டை பிடித்துக்கொண்டு திரும்புவீர்கள். சேற்றில் இறங்க வேண்டாம், நான் இறங்கி ஒரு செருப்பை நிரந்தரமாக அங்கே விட்டேன். முகாம் இருக்கிற பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு முகாம் இருக்கும், அதனால் முதலில் சுற்றிப் பாருங்கள், பிறகு கமராவை எடுங்கள். ஒருதரம் என்னை மறித்து அரை மணித்தியாலம் விசாரித்தார்கள். படத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன், கடைசியில் விசாரித்தவரே "இந்தச் சிவப்புக் கால் என்ன குருவி?" என்று கேட்டார்.

தம்பலகாமத்து வயல்:

அண்ணை, மற்றதெல்லாம் சரி, டிசம்பரில் ஒன்றும் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் களப்பையே பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி? களப்பு நிரம்புகிற நேரம் எங்கள் வயலுக்கு வாருங்கள். பெரும்போகத்துக்கு உழுது, விதைத்து, பயிர் சாண் உயரம் வருகிற வரைக்கும் வயல் முழுதும் கணுக்கால் தண்ணீரும் சேறும்தான், அதாவது உங்கள் பெப்ரவரிக் களப்பு எங்களுக்கு நவம்பரிலேயே கிடைத்துவிடுகிறது. உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் வால் பிடித்துப் போகும், அது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பின்னால், கொக்கு விட்டதைப் பொறுக்கிக்கொண்டு பொறி உள்ளான் வரும், முதுகில் வெள்ளைப் புள்ளி தூவின மாதிரி. கிட்டப் போனால் "சிஃப் சிஃப் சிஃப்" என்று கத்திக்கொண்டு எழும்பும். பயிர் வளர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். கரன்ட் கம்பியில் வரிசையாகத் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும் இருக்கும், அதுகளும் வந்தேறிகள்தான்.

ஒரு தொல்லை ஆட்காட்டி. அது உள்ளூர்க்காரன். நீங்கள் வரம்பில் கால் வைத்த உடனே ஊரெல்லாம் கூட்டிவிடும், மற்றதெல்லாம் பறந்துவிடும். என் அப்பாவுக்கு அது நல்ல காவல்காரன், இரவில் யானை வந்தாலும் முதலில் சொல்லுவது அதுதான். எனக்குத்தான் எதிரி.

புல்மோட்டை பஸ்:

பூநாரை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொக்கிளாய்க்குப் போங்கள். அந்தக் களப்பு 1951இலிருந்து சரணாலயம். நான் போனது மூன்று தரம், இரண்டு தரம் வெறும் தண்ணீர், மூன்றாம் தரம் மார்ச் தொடக்கத்தில் தூரத்தில் ரோசாக் கோடு ஒன்று. உப்புப் படிந்த கரை என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் பிஸ்கட் தின்றேன். பிறகு கோடு நடந்தது. எல்லாம் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, காலால் சேற்றை மிதித்துக் கிளறிக்கொண்டு, அந்த மூக்கை வடிதட்டு மாதிரி வைத்து அரித்துக்கொண்டு போகின்றன. படம் இல்லை, போனில் எடுத்தது புள்ளியாகத்தான் இருக்கிறது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு லொறியில் வந்தேன்.

உப்புவெளி ரீச்சர்:

நான் பறவை பார்க்கிற ஆள் இல்லை, பறவைதான் என்னைத் தேடி வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது ஞாபகம் இருக்கும். அடுத்த நாள் காலை முற்றத்தில் முறிந்து கிடந்த முருங்கைக்குக் கீழே ஒரு பறவை, மேல் கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளை, வால் இரண்டாகப் பிளந்தது. கடலோரம் நாற்பது வருடம் இருக்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. பிடித்தால் கையைக் கொத்திக் காயமாக்கிவிட்டது. மகன் காட்போட் பெட்டியில் துளை போட்டு வைத்தான், பக்கத்து வீட்டு அக்கா சோறு வைக்கச் சொன்னா, நான் சூடைமீன் வெட்டி வைத்தேன். இரண்டையும் தொடவில்லை. காற்று அடங்கியதும் பின்னேரம் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைச் சரித்தோம். கொஞ்ச நேரம் மணலில் இருந்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எழும்பி நேரே கிழக்கே போய்விட்டது. என்ன பறவை என்று யாராவது சொல்லுங்கள்.

கரைச்சிக்காரன்:

ரீச்சர், நீங்கள் சொல்லுகிற அடையாளம் நடுக்கடலில் திரிகிற ஆலா வகை. ஆனால் அதில் ஒன்றுக்கொன்று ஒத்த மாதிரி இரண்டு இருக்கிறது, முதுகு நல்ல கறுப்பா மண்ணிறம் கலந்ததா, நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் போனதா என்று தெரிந்தால்தான் சொல்லலாம். மகனிடம் படம் இருந்தால் போடச் சொல்லுங்கள். சோறு வைக்கச் சொன்ன அக்காவுக்கு என் வணக்கம்.

தம்பலகாமத்துத் தம்பி, ஒப்புக்கொள்கிறேன், வயலை நான் மறந்துவிட்டேன். வருகிற கார்த்திகையில் மச்சானை உங்கள் வரம்புக்கே கூட்டிவருகிறேன், சாப்பாடு உங்கள் செலவு.

இன்னொன்று. நம் ஊர்ப் பறவைகளை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் ஒருவர் 1870களில் இங்கே வேலை பார்த்த பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி, லெக் என்று பேர், சிங்கராஜப் பக்கம் இருக்கிற ஒரு பூக்கொத்திக்கு அவர் பேர்தான். அவர் பார்த்த உப்புக்கொத்தி ஒன்று, நம் கரையிலேயே வருடம் முழுதும் இருந்து முட்டையிடுகிறது, இவ்வளவு காலமும் வெளிநாட்டு வகையோடு சேர்த்தே எண்ணப்பட்டுக் கிடந்தது. 2023இல்தான் ஆராய்ந்து தனி இனம் என்று பிரித்து அனுமான் பேரை வைத்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள பறவை என்பதால், இரண்டுக்கும் நடுவில் அனுமான் படை கட்டியதாகச் சொல்லுகிற பாலத்தை நினைத்து அந்தப் பேர். நம் உப்பளத்தில் அதைப் பார்த்துவிட்டு ரஷ்யாவிலிருந்து வந்தது என்று நான் எத்தனை பேருக்குப் புளுகியிருப்பேன்.

கிண்ணியாத் தோணி:

நானாமார், அக்காமார், எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள், நான் கெட்டதையும் எழுதுகிறேன். கண்டலோரம் கோழிக்கழிவையும் பொலித்தீனையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதற்கு நாய் வருகிறது, நாய்க்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் எந்தப் பறவை இறங்கும்? இரவில் நைலோன் வலை கட்டி உள்ளான் பிடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், ஒருநாள் விடியப்புறம் தோணியில் போகும்போது வலையில் தலைகீழாகத் தொங்கிய ஏழு குருவியை நானே வெட்டி எடுத்துவிட்டேன், இரண்டு ஏற்கெனவே செத்திருந்தன. வலைக்காரன் தெரிந்த பெடியன்தான். சண்டை பிடிக்கவில்லை. 2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரைக்கும் போன கதையைச் சொன்னேன். "பாஸ்போட் இல்லாமலா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வலையைக் காணவில்லை, வேறு இடத்தில் கட்டுகிறானோ தெரியாது.

சரி, நல்லதும் ஒன்று. கிண்ணியாப் பாலத்துக்கு உள்பக்கம் விரால் அடிப்பான் ஒன்று ஒவ்வொரு வருடமும் வருகிறது. அதே பறவையா என்று கேட்காதீர்கள், எனக்கு அதேதான். மேலே நின்றபடி சிறகடிக்கும், பிறகு காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு விழும், தண்ணீர் தெறிக்கும், ஒரு நிமிடம் போச்சுது என்று நினைப்போம். எழும்பும்போது மீன் குறுக்காகத் தொங்கும், இரண்டு அடி, மூன்று அடி அடித்ததும் மீனின் தலையைக் காற்றுப் பக்கம் நேராகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் தோணியில் அணியத்தைக் காற்றுக்குத் திருப்புவது மாதிரி. போன மாசி மாதம் என் வலைக்குப் பத்து யார் தள்ளி ஒரு மணலை அடித்தது. எனக்கு அன்றைக்கு ஒன்றும் படவில்லை.

புல்மோட்டை பஸ்:

கிண்ணியா நானா, அந்த விரால் அடிப்பானைப் பார்க்க எத்தனை மணிக்கு வர வேண்டும்? தோணியில் இடம் இருக்குமா? செருப்பைக் கழற்றிவிட்டே ஏறுகிறேன்.

கிண்ணியாத் தோணி:

வெள்ளென ஐந்தரைக்கு வாங்க தம்பி. பிளேன்டி நான் கொண்டுவாறன், பாண் நீங்கள் கொண்டுவாங்க.